பெண்கள் கல்லூரியில் ஆண்களைச் சேர்க்கலாமா? ஆத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்று சில குறிப்புகள்

பெங்களூரு மவுண்ட் கார்மல் கல்லூரி 1948-இல் தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரி. முதலில் முதுகலையில் ஆண்களைச் சேர்த்தார்கள். இந்தப் பத்தாண்டில் இளங்கலைக்கும் கதவு திறந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்னா அதே 1948-இல்தான் தூத்துக்குடி தூய மரியன்னை கல்லூரி, மதுரை லேடி டோக், சென்னை எத்திராஜ், கோவை நிர்மலா எல்லாம் தொடங்கின. சுதந்திரம் கிடைத்த சூட்டோடு பிறந்த ஒரே செட் கல்லூரிகள். அதில் ஒன்று வழி மாறினால், மற்றவற்றிடமும் "நீங்க எப்போ?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

ஆகவே பேசிவிடலாம். ஆனால் இந்த விவாதம் வழக்கமாக நடக்கிற விதத்தில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு பக்கமும் சொல்ற காரணங்கள்

மாற்றணும் என்பவர்கள் சொல்வது: "உலகம் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. நாளைக்கு வேலைக்குப் போனால் ஆண்களோடுதான் உட்காரணும். மூணு வருஷம் தனியா வச்சுப் படிக்க வச்சா அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்கள், பெண்கள் கல்லூரியில் படிக்கிற பெண் ஏதோ தனித் தீவில் வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் வீட்டில் அப்பா, அண்ணன், தாத்தா இருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார். டீக்கடை, ரேஷன் கடை, பேங்க் எல்லா இடத்திலும் ஆண்கள்தான். ஆண்களோடு எப்படிப் பழகுவது என்பதில் அவளுக்குப் பதினேழு வருஷப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அவளுக்குக் கிடைக்காத பயிற்சி, ஆண்கள் யாரும் முன்னால் நிற்காத ஓர் இடத்தில் தானே முன்னால் நிற்பது.

மாற்றக்கூடாது என்பவர்கள் சொல்வது ஒரே வார்த்தை: "பாதுகாப்பு." இதுவும் எனக்குச் சரிப்படவில்லை. பாதுகாப்பு என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்கள் கல்லூரிகள் பலவற்றை ஜெயில் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரெண்டு தரப்பும் வகுப்பறைக்குள் நின்றுகொண்டே பேசுகிறது. பக்கத்துப் பெஞ்சில் ஆண் இருந்தால் நல்லதா கெட்டதா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. என் கேள்வி வேறு. மாற்றினால், இப்போது வந்துகொண்டிருக்கிற பெண்களில் யார் வராமல் போவார்கள்?

முதலில் வந்தது இருபாலர் கல்விதான்

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நம் ஊரில் பெண்கள் உயர்கல்விக்குள் நுழைந்த வரலாற்றில் பெண்கள் கல்லூரி முதலில் வரவில்லை. 1875-இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி 1895-இல்தான் வருகிறது, இந்தியாவுக்கே வராத ஓர் ஆங்கிலப் பெண்ணின் பெயரில். சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914. மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915.

இடையில் 1904. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர்கிறார். கல்லூரி முழுக்க ஆண்கள். எதிர்ப்பு கிளம்புகிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுக்கிறார். பிறகு 1907-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர். மீதியை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம்.

இந்தக் கதையை "பாருங்க, ஆண்களோடு படிச்சுத்தான் முத்துலட்சுமி ரெட்டி உருவானார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் இதைத் திருப்பிப் படிக்கிறேன். ஒரு பெண் ஆண்கள் கல்லூரியில் சேர ஒரு மன்னர் வேண்டியிருந்தது. படித்த அப்பா வேண்டியிருந்தது. அசாத்தியமான அறிவும் பிடிவாதமும் வேண்டியிருந்தது. அசாதாரணமான பெண்ணுக்கு அந்தக் கதவு எப்படியோ திறக்கும். சாதாரணப் பெண்ணுக்கு, அதாவது மன்னரைத் தெரியாத, பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே வாங்குகிற பெண்ணுக்கு, கதவு திறந்தது பெண்கள் கல்லூரி வந்த பிறகுதான்.

தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் போன பாதையும் இங்கே பொருந்தும். தலச்சேரியிலிருந்து வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். ஆனர்ஸுக்கு மாநிலக் கல்லூரி போனார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அங்கிருந்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1931-இல் முனைவர் பட்டம். பெண்கள் கல்லூரி அவரை உள்ளேயே பூட்டி வைக்கவில்லை. அவர் ஏறிப்போன படிகளில் ஒன்றாக இருந்தது. அடுத்து அவருக்கு வேலையும் கொடுத்தது. பெண்களுக்குப் பேராசிரியர் வேலை வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காத காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஆய்வு என்று இறங்கினால் ரெண்டு பக்கத்துக்கும் தீனி கிடைக்கும். 2014-இல் பால்க்கே, ஹைட், அலிசன் ஆகிய மூவர் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 16 லட்சம் பள்ளி மாணவர்களின் தகவல். சரியாகக் கட்டுப்படுத்திச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், ஒருபால் பள்ளியால் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் தென்கொரியாவின் சோல் நகரில், மாணவர்களைக் குலுக்கல் முறையில் பள்ளிகளுக்கு ஒதுக்குவார்கள். அதை வைத்துச் செய்த ஆய்வில் ஒருபால் பள்ளியில் படித்தவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தது.

நம் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது இன்னொன்று. அமெரிக்காவில் பெண்கள் கல்லூரிகள் இருபாலர் கல்லூரிகளாக மாறியபோது, அங்கே படித்த பெண்கள் எந்தப் பாடம் எடுத்தார்கள் என்று பழைய பட்டமளிப்புக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் வந்த பிறகு, அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் எடுத்த பெண்களின் பங்கு சுமார் 3 சதவீதப் புள்ளி குறைந்திருக்கிறது. சின்னதாகத் தெரியும். ஆனால் மொத்தமே அந்த அளவில் சிறிய பங்குதான் என்பதால், இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிவு.

இதை எடுத்துக்கொண்டு "ஆகவே தமிழ்நாட்டிலும் அப்படித்தான்" என்று தாண்டிவிட முடியாது. நம் நிலைமை வேறு. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறிவியல் பிரிவில் படிக்கும் 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். அதாவது ஆண்களைவிட அதிகம். நம் பெண்கள் கணக்குக்கும் இயற்பியலுக்கும் பயப்படுகிறவர்கள் இல்லை. நம் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

எந்த இடம் என்பதை கிரிஜா போர்க்கர் டெல்லியில் செய்த ஆய்வு காட்டுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 4,000 மாணவர்கள் அளவில் விசாரித்து, யார் எந்தக் கல்லூரியை ஏன் எடுத்தார்கள் என்று அவர் பார்த்தார். பெண்கள், தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, தரத்தில் குறைந்த கல்லூரிக்குப் போகிறார்கள், போகிற வழி பாதுகாப்பாக இருந்தால். அதற்காக ஆண்டுக்கு 18,800 ரூபாய் வரை கூடுதலாகப் பயணத்துக்குச் செலவழிக்கவும் தயார். ஆண்களிடம் இந்த அளவுக்கு இல்லை.

வகுப்பறைக்குள் நின்று பேசுகிற விவாதத்தில் இந்த வழி வரவே வராது. அதனால்தான் நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து பேசுகிறேன்.

ஆத்தூரிலிருந்து பார்த்தால்

ஆத்தூர் தெரியாதவர்களுக்கு: தாமிரபரணி கடலில் சேரப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தூத்துக்குடி – திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற ஊர். வெற்றிலைக்குப் பேர் போனது. 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடக்கே போனால் தூத்துக்குடியில் தூய மரியன்னை, ஏ.பி.சி. மகாலட்சுமி என்று ரெண்டு பெண்கள் கல்லூரி. இருபாலர் வேண்டுமென்றால் காமராஜ் கல்லூரி. தெற்கே போனால் காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி, திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரி. ரெண்டும் பெண்களுக்கானவை.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு எத்தனை வழி! ஆனால் வரைபடம் பஸ் காட்டாது. மகளிருக்கு 2021-லிருந்து கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய விஷயம்தான், ஆனால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். திருச்செந்தூர் – தூத்துக்குடி மொபசல் வண்டியில் அது செல்லாது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பினால், டவுன் பஸ் எப்போ வரும், கூட்டத்தில் நிற்க முடியுமா, இறங்கி வீட்டுக்கு நடக்கிற தெருவில் விளக்கு இருக்கா, இதெல்லாம் சேர்ந்துதான் எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்கிறது.

எங்கள் தெருப்பக்கம் கொடிக்கால் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவருக்கு ரெண்டு பெண்கள். மூத்தவள் பெண்கள் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டாள். அவரிடம் கேட்டேன், "அண்ணாச்சி, அந்த காலேஜ்ல அப்பவே பையங்களும் படிச்சிருந்தா நீங்க சேத்திருப்பீங்களா?"

"எனக்கென்ன பிள்ள, பயலுவளும் படிக்கத்தான வாரானுவ. எங்கம்மாவத்தான் சமாளிக்கணும். மூத்தவள அனுப்பும்போது ரெண்டு நாளு அவ்வொ சோறு திங்கல. மச்சினன் வேற வந்து, வயசுப் பிள்ளய எங்க அனுப்புதிய அத்தான்னு நிக்கான். லேடீஸ் காலேஜுதான்னு ஒத்த வார்த்த சொன்னேன். எல்லா வாயும் அடஞ்சிட்டு. அந்த வார்த்த இல்லன்னா நான் எதச் சொல்லி அனுப்பியிருப்பேன்?"

நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாக இதைப் பார்க்கவில்லை. "பெண்கள் கல்லூரி" என்பது அனுப்ப விரும்புகிற ஓர் அப்பா, அனுப்ப விரும்பாத ஒரு குடும்பத்திடம் ஜெயிப்பதற்குக் கையில் வைத்திருக்கிற வார்த்தை. அவர் பயப்படவில்லை. பயப்படுகிறவர்களின் வாயை அடைக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

இளையவள் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தூத்துக்குடியில் இருபாலர் கல்லூரிக்குப் போகணுமாம். வீட்டில் சம்மதமா என்றேன். "அக்கா போய்ட்டு வந்துட்டால்லா, அதுனாலதான்க்கா என்னால கேக்கவே முடியுது" என்றாள்.

இந்த ரெண்டாவது வாக்கியத்தையும் முதல் வாக்கியத்தோடு சேர்த்துத்தான் படிக்கணும். அக்காவுக்குப் பெண்கள் கல்லூரி இல்லையென்றால் தங்கைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரு பெண்கள் கல்லூரி ஒரு குடும்பத்தில் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், அடுத்த பெண் அதை வேண்டாம் என்று சொல்வதுதான்.

அரசாங்கக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்பவர் விகிதம் 2021-22-இல் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தது 2024 டிசம்பர் 30-இல், நம்ம தூத்துக்குடியில் வைத்துத்தான். பணம் ஒரு தடையை எடுக்கிறது. பாட்டியின் பட்டினிப் போராட்டத்தை அது எடுக்காது.

பெண்கள் கல்லூரிகள்மேல் எனக்குள்ள கோபம்

இவ்வளவு சொன்னதால் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் படித்ததும் ஒரு பெண்கள் கல்லூரிதான். பேர் வேண்டாம். கேட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம்வரை வெளியே வர முடியாது. மதியம் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் எடுக்கக்கூட அப்பா கையெழுத்து வேண்டும். துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் பின் குத்தியிருக்கான்னு பார்க்க ஒரு ஆள். செல்போன் பிடிபட்டால் வீட்டுக்கு போன் போகும். ஒரு தோழியைக் கேட்டுக்கு வெளியே அவள் சொந்த அண்ணனோடு பேசியதற்கு விசாரித்தார்கள்.

அதே கல்லூரியில்தான் ஆண்டுவிழா மேடையில் மைக் செட் ஒயரை நாங்களே இழுத்தோம். ஜெனரேட்டரை நாங்களே ஸ்டார்ட் பண்ணினோம். தேர்தலில் ஒருத்தியை எதிர்த்து ஒருத்தி நின்றாள், தோற்றாள், அடுத்த வருஷம் ஜெயித்தாள். பிறகு முதுகலைக்கு இருபாலர் கல்லூரி போனபோது கவனித்தேன்: தலைவர் பையன், செயலாளர் பையன், "கோலம், வரவேற்பு, குத்துவிளக்கு" மட்டும் பெண்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தானாக அப்படி அமைந்தது.

ஆக ஒரே இடத்தில் ரெண்டு விஷயம் இருந்தது. ஒன்று, பெண்கள் எல்லாப் பொறுப்பையும் எடுத்துச் செய்கிற இடம். இன்னொன்று, வீட்டுக் காவலின் நீட்சி. ரெண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை மட்டும் இழந்த கல்லூரிகள் எத்தனையோ. அப்படிப்பட்ட கல்லூரிக்குப் பேரில் மட்டும் "பெண்கள்" இருந்து என்ன பயன்? 1928-இல் வர்ஜீனியா உல்ஃப் கேம்பிரிட்ஜின் ரெண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதுதான் பிறகு 'தனக்கென ஓர் அறை' என்று அறியப்பட்ட நூலானது. அவர் கேட்டது பணமும், பூட்டு உள்ள ஒரு அறையும். அந்தப் பூட்டின் சாவி உள்ளே இருப்பவளிடம் இருக்கணும் என்பதுதான் விஷயமே. நம் கல்லூரிகளில் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது.

மாறிய இடங்களில் நடந்தது

வெளிநாட்டில் பெண்கள் கல்லூரிகள் மாறியதற்குப் பெண்ணுரிமைச் சிந்தனை காரணமில்லை. பெரும்பாலும் சேர்க்கைக் கணக்குதான். ஆக்ஸ்போர்டில் 1974-இல் ஆண்கள் கல்லூரிகள் ஐந்து பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தன. நல்ல மாணவிகள் அங்கே போக, பெண்கள் கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. இந்திரா காந்தி படித்த சோமர்வில் 1992-இல் முடிவெடுத்தது, மாணவிகள் கொதித்தார்கள், 1994-இல் ஆண்கள் வந்தார்கள். கடைசியாக செயின்ட் ஹில்டாஸ், 2008.

கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரி 1990 மே 3-ஆம் தேதி ஆண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. மாணவிகள் கல்லூரியையே முடக்கினார்கள். ரெண்டே வாரத்தில், மே 18-இல், நிர்வாகம் பின்வாங்கியது. ஜெயித்தார்கள். ஆனால் சேர்க்கை கூடவில்லை. 2022-இல் வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து, ஆண்களும் வந்துவிட்டார்கள். போராட்டம் ஒரு முடிவைத் தள்ளிப்போடும், காலி நாற்காலியை நிரப்பாது. இதை நம் பக்கத்துக் காரர்களும் ஒத்துக்கொள்ளணும்.

2024 நவம்பரில் சோலில் டோங்டுக் பெண்கள் பல்கலைக்கழக மாணவிகள் கட்டடத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி இதைப் பேசலாம் என்பதுதான் அவர்கள் கோபத்தின் மையம். சோமர்வில்லிலும் மில்ஸிலும் எழுந்ததும் இதே குரல்தான். நிர்வாகம் ரூமுக்குள் பேசுகிறது, மாணவிக்குச் செய்தியாகத் தெரிகிறது.

என் நிலைப்பாடு

இந்தக் கடற்கரையில் இப்போதைக்கு எந்தப் பெண்கள் கல்லூரியையும் மாற்றக் கூடாது என்பது என் கருத்து. பையன்களுக்கு இடம் பத்தவில்லை என்றால் அவர்களுக்குத் தனியாக இடம் உண்டாக்கட்டும். காலி சீட்டை நிரப்பணும் என்பது கல்லூரியின் பிரச்சினை. அதற்கு ஒரு பெண்ணின் வாய்ப்பை விலையாகக் கொடுக்க முடியாது.

ஆனால் இதை நிரந்தர விதியாகச் சொல்லவில்லை. எந்தக் கல்லூரியாவது மாறப்போகிறது என்றால் மூன்று விஷயத்தை முதலில் பார்க்கட்டும். ஒன்று, அங்கே இப்போது படிக்கிற மாணவிகளின் வீடுகளில் விசாரித்து, பஸ் தூரத்தில் வேறு பெண்கள் கல்லூரியில் அதே கட்டணத்தில் இடம் உண்டா என்று பார்க்கணும். அரசு உதவிபெறும் பிரிவில் கட்டுகிற பணமும் சுயநிதிப் பிரிவில் கட்டுகிற பணமும் ஒன்றில்லை. ரெண்டு, மாணவிகளிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும். மூணு, முதுகலையில் ஆரம்பித்துச் சில வருஷம் பார்க்கணும். அந்த வயதில் வீட்டுச் சண்டைகள் பாதி முடிந்திருக்கும்.

மாறாமல் இருக்கிற கல்லூரிகளுக்கும் வேலை இருக்கிறது. கேட்டைத் திறங்க. துப்பட்டா பின்னை விடுங்க. கடைசி டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து டைம்டேபிள் போடுங்க, இல்லைன்னா டிப்போவில் போய்ச் சண்டை போட்டு ஒரு பஸ் வாங்கிக் கொடுங்க. பாட்டியைச் சமாதானப்படுத்த "லேடீஸ் காலேஜ்" என்ற பேர் போதும். உள்ளே வந்த பிறகும் அந்தப் பிள்ளையைப் பாட்டி சொல்படியே நடத்தவேண்டிய அவசியம் இல்லை.

அண்ணாச்சியின் இளைய மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. அவள் கேட்ட கல்லூரி கிடைக்கணும். அதே தெருவில் இன்னும் யாரும் கல்லூரிப் படி ஏறாத வீடுகள் நாலு இருக்கின்றன. அந்த வீட்டு அப்பாக்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் அந்த ஒத்த வார்த்தை தேவைப்படும்.